காலி நாற்காலியிடம் கேட்ட கேள்வி

அந்த ஏழு நொடிக்காகத்தான் எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். தொலைக்காட்சி வினாடி வினாவில் போட்டியாளர் விடை சொன்னதும் தொகுப்பாளர் வாயைத் திறக்க மாட்டார். எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் பார்க்கிறவர்கள் தட்டில் வைத்த கையை எடுக்க மறந்துபோவார்கள். அப்புறம்தான் ‘சரி’ என்றோ ‘தப்பு’ என்றோ வரும். அவரைப் போல நடித்துக் காட்டுகிறவர்கள் ஒன்றும் பேசவே வேண்டாம். ஏழு நொடி சும்மா நின்றால் போதும், கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அது தொழில் திறமை என்று அவரும் பேட்டிகளில் வாய் கூசாமல் அளந்துவிட்டார். உண்மை வேறு. யார் என்ன விடை சொன்னாலும், அதன் பின்னாலேயே இன்னொரு குரல் மெதுவாக ‘வெள்ளி’ என்று சொல்வது அவர் காதில் விழும். அது அடங்கும்வரை அவருக்கு நாக்கு எழும்பாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் அறிவியல் டீச்சர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். கடைசிக் கேள்வி, ‘சூரியக் குடும்பத்தில் மிகவும் வெப்பமான கோள் எது?’ ‘வெள்ளி’ என்றார் டீச்சர், யோசிக்காமல். தொகுப்பாளரின் அட்டையில் ‘புதன்’ என்று இருந்தது. ‘தப்பு’ என்றார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

அரைமணி நேரத்தில் தவறு தெரியவந்தது. புதன் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். சூடு வெள்ளிக்குத்தான் அதிகம். கேள்வி எழுதியவர் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார். டீச்சரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார், ஒப்பனை முடித்து அடுத்த போட்டியாளர் வேறு காத்திருந்தார். பூசி மெழுகுவதற்கு வழியும் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு படப்பிடிப்பு முடிந்ததும் தொகுப்பாளர் தனியாக உட்கார்ந்து, திக்கிய கேள்விகளையும் தவறவிட்ட புன்னகைகளையும் காலி நாற்காலியைப் பார்த்து மறுபடி செய்துகொடுப்பது வழக்கம். வெட்டி ஒட்டினால் ஈ காக்காய்க்கும் தெரியாது.

“அண்ணே, கேள்விய மட்டும் மாத்திருவோம்,” என்றார் தயாரிப்பாளர். “சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற கோள் எதுன்னு கேளுங்க. அவங்க சொன்னது தப்பாயிரும். முடிஞ்சுது.”

அவர் கேட்டார். ஒரே டேக். காலி நாற்காலியைப் பார்த்து ஒரு புன்னகையும் செய்தார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும் விடை அது. சூரியனுக்கு அருகில் எது என்று தெரியாத அறிவியல் டீச்சர்! அந்தக் கிளிப் கைபேசிக்குக் கைபேசி பறந்தது. ‘வெள்ளி டீச்சர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது, இரண்டே வரி. ‘நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி அதுவல்ல. உங்களுக்குத் தெரியும்.’ தொகுப்பாளர் பதில் போடவில்லை. போட்டால் வேலையும் போகும், பெயரும் போகும். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது.

அடுத்த முறை காலி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தபோது அது காலியாக இல்லை. கண்ணாடி, கைக்குட்டை, ‘வெள்ளி’. வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் எதிரே காலி நாற்காலி இருந்தால் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுவிடுவார்.

“நாற்காலி என்னங்க பண்ணுச்சு உங்கள?” என்று மனைவி கேட்பாள்.

“கால் இடிக்குது.”

மேசைக்கு அந்தப் பக்கம் போய் இடிக்குமளவுக்கு அவருக்குக் கால் நீளமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் தோண்ட மாட்டாள்.

இப்போது நிகழ்ச்சியை மூடுகிறார்கள். கடைசி நாள் மட்டும் பார்வையாளர்களை வைத்து நேரடி ஒளிபரப்பு. தயாரிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை.

“அண்ணே, வெள்ளி டீச்சர் வர்றாங்க. பழைய கிளிப்பப் போடுறோம். நீங்க கொஞ்சம் கலாய்ங்க, அவங்களும் சிரிச்சிருவாங்க.”

“வர்றேன்னு சொன்னாங்களா?”

“உடனே சொல்லிட்டாங்க. உங்ககிட்ட ஏதோ பேசணுமாம்.”

அவருக்கு அந்த இரண்டு வரிக் கடிதம் ஞாபகம் வந்தது. அதையே டீச்சர் நேரடி ஒளிபரப்பில் கேட்டுவிட்டால் எதை வெட்டுவது, எதை ஒட்டுவது?

ஆனால் டீச்சர் மேடைக்குக் காத்திருக்கவில்லை. ஒப்பனை அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அந்த முகத்தில் தொகுப்பாளர் கோபத்தைத் தேடினார், கிடைக்கவில்லை.

“சார், அப்போ உங்களுக்கு ஒரு லெட்டர் போட்டேன். அதுக்கு மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்.”

“மன்னிப்பா?”

“அந்த நிகழ்ச்சிய எத்தனையோ தடவ பாத்துட்டேன். நீங்க சரியாத்தான் கேட்டிருக்கீங்க. எனக்குத்தான் வேற மாதிரி ஞாபகம். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. நடக்காதத நடந்துச்சுன்னு சாதிப்பாங்க. கடைசில என்னையே யாருன்னு கேட்டாங்க. அதான் அந்த வருஷமே பாடம் எடுக்கிறத நிறுத்திட்டேன். பிள்ளைங்களுக்கு எதையாவது மாத்திச் சொல்லிக் குடுத்துட்டா பாவம்ல?”

ஒப்பனைக்காரர் பஞ்சோடு அப்படியே நின்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்று வெளியே யாரோ கத்தினார்கள். அதைச் சாக்காக வைத்துத் தொகுப்பாளர் எழுந்துவிட்டார்.

மேடையில் டீச்சர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கிளிப் ஓடியது. அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டீச்சரும் சிரிக்கப் பார்த்தார். அந்த முயற்சியைத்தான் தொகுப்பாளரால் தாங்க முடியவில்லை.

“நான் இவங்ககிட்ட கேட்டது இந்தக் கேள்வி இல்ல,” என்றார் தொகுப்பாளர்.

அரங்கம் இன்னும் பலமாகச் சிரித்தது. “சூப்பர்ணே, அப்படியே போங்க,” என்றது காதுக்குள் இருந்த கருவி.

“இவங்க போனப்புறம் இந்த நாற்காலி காலியா இருந்துச்சு. அதுகிட்டதான் இதக் கேட்டேன். இவங்க சொன்ன விடை சரி. தப்பு எங்களோடது. மறைக்கிறதுக்காக நான்தான் கேள்விய மாத்திக் கேட்டேன்.”

சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. காதுக்குள் தயாரிப்பாளர் யாரிடமோ “விளம்பரம் போடுங்கடா” என்று அலறினார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தக் கேள்விய இன்னொரு தடவ கேளுங்க சார்.”

“சூரியக் குடும்பத்துல ரொம்ப வெப்பமான கோள் எது?”

“வெள்ளி.”

“சரி,” என்றார், ஒரு நொடிகூட விடாமல்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்.

“அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா சார்?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்.”

“பதினோரு வருஷத்துப் பிள்ளைங்க சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து போனார். கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. எதுவரை ஒளிபரப்பானது என்று தொகுப்பாளர் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது எதிர் நாற்காலியை அவர் திருப்பிப் போடவில்லை. சொல்லியாகிவிட்டது, இனி ஏன் பயம் என்று இருந்தது. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தார். ‘வெள்ளி’ வரவில்லை. ‘அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா சார்?’ என்றுதான் வந்தது. தட்டில் கை அப்படியே நின்றது.

நாற்காலி இன்றைக்கு அவர் பக்கம் பார்த்து இருப்பதில் மனைவிக்குச் சந்தோஷம். இழுத்துப் போட்டு உட்காரப் போனாள்.

“அதுல வேண்டாம்மா,” என்றார். “ஆள் இருக்காங்க.”