மல்லாட்டை எண்ணெய் போட்ட செருப்பு

செஞ்சியில் சுந்தரமூர்த்திக்கு இரண்டு பெயர் உண்டு. மண்டிக்குள் கணக்குப்பிள்ளை, மண்டியை விட்டு வெளியே வந்தால் தோல் பைத்தியம். முதல் பெயர் சம்பளத்தோடு வந்தது. இரண்டாவதை அவனே கஷ்டப்பட்டுச் சம்பாதித்தான்.

பைத்தியம் பிடித்த கதை சின்னதுதான். சைக்கிள் சீட்டு கிழிந்தது. புதுசு வாங்க மனசு வராமல், மல்லாட்டை மூட்டை தைக்கிற கோணி ஊசியை மண்டியிலிருந்து எடுத்துவந்து தானே தைத்தான். வேர்க்கடலையைத்தான் மல்லாட்டை என்கிறேன். இந்தப் பக்கத்தில் வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துகொள்வார்கள். தைத்த சீட்டு உட்காரும் இடத்தில் குத்தியது. அதை யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். ஆனால் ஊசி தோலுக்குள் இறங்கி மறுபக்கம் வந்தபோது கைக்குக் கிடைத்த சுகம் அவனை விடவில்லை. பகலெல்லாம் பிறத்தியார் மூட்டைக்குக் கணக்கு எழுதுகிறவனுக்கு, தன் கையால் ஒரு பொருள் உருவாவது பெரிய சந்தோஷமாக இருந்தது. அடுத்து வாட்சுக்கு ஒரு வார், ஒரு பர்ஸ், முதலாளிக்கு ஒரு கண்ணாடிக் கூடு. கூட்டுக்குள் கண்ணாடி நுழையவில்லை. முதலாளியம்மா அதில் கொட்டைப்பாக்கு போட்டு வைத்துக்கொண்டாள்.

கருவிக்குத்தான் படாத பாடு பட்டான். செஞ்சிக் கடைத்தெருவில் ஏருக்குக் கொழு கிடைக்கும், மாட்டுக்கு லாடம் கிடைக்கும், தோலில் துளை போட ஒரு குத்தூசி கிடைக்காது. எதற்கு என்று கேட்பார்கள். சும்மா ஆசைக்கு என்றால் மேலும் கீழும் பார்ப்பார்கள். சைக்கிள் சக்கரத்துக் கம்பியைக் கருங்கல்லில் தேய்த்துக் கூராக்கினான். கறிக்கடையில் கெஞ்சி, பழைய புளியங்கட்டை ஒன்றை வாங்கி வந்தான், தோலை வைத்து அறுப்பதற்கு. அவன் மனைவி மீனம்பாள் அதன் மேல் இரண்டு அண்டா வெந்நீர் ஊற்றிய பிறகும் வீட்டுக்குள் விடவில்லை. கட்டையும் பிஸ்கட் டின்னில் இருந்த கருவிகளும் தோட்டத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தன.

பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் செருப்பு தைக்கும் தனகோட்டியிடம் ஒரு நாள் போய் நின்றான். அந்தத் தொழிலைக் காட்டியே தனகோட்டியின் குடும்பத்தை எட்டி நிற்க வைத்த தெருவிலிருந்து ஒருவன் வந்து, பொழுதுபோக்குக்குக் குத்தூசி வேண்டும் என்றால் அவர் என்ன நினைப்பார்?

"எங்களுக்கு இது வயித்துப் பொழப்பு. உங்களுக்கு வெளாட்டா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தார்.

கேட்டதில் நியாயம் இருந்தது. சுந்தரமூர்த்திக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் அடுத்த வாரம், தான் தைத்த பர்ஸை எடுத்துக்கொண்டு மறுபடி போனான். தனகோட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் பிடி உடைந்த பழைய குத்தூசி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இப்படித் தைக்கிறவனால் தன் பிழைப்புக்கு ஒரு கெடுதலும் வராது என்ற நிம்மதியாக இருக்கலாம்.

தோலுக்குக் கௌஸ் பாஷா இருந்தான். சுந்தரமூர்த்தியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிறவன். வாணியம்பாடியில் இருக்கும் மச்சானிடமிருந்து ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல் வாங்கி வருவான். துண்டு துக்காணியைச் சுந்தரமூர்த்திக்குத் தள்ளிவிடுவான், கூடவே கேட்காத யோசனையும் தருவான். தனகோட்டியும் கௌஸ் பாஷாவும் எதிலும் ஒத்துப்போனதில்லை. தோலுக்கு விளக்கெண்ணெய்தான் போட வேண்டும் என்பார் அவர். ஆட்டுக்கொழுப்புக்கு ஈடு கிடையாது என்பான் இவன். இடையில் மாட்டிக்கொண்ட சுந்தரமூர்த்தி இரண்டு பக்கமும் தலையை ஆட்டுவான்.

இதுவரைக்கும் எல்லாம் விளையாட்டுதான். வினையாக மாறியது மீனம்பாளால்.

சத்துணவுத் திட்டம் வந்த மறு வருஷம் அவளுக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. திண்டிவனம் பஸ்ஸில் போய், வல்லம் தாண்டி இறங்கி, ஜல்லி கொட்டிய பாதையில் வெகுதூரம் நடக்க வேண்டும். ஊர் தூரமானாலும் வேலை அவளுக்கு உயிராக இருந்தது. எந்தப் பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்குகிறது, எது தம்பிக்கென்று சோற்றை டவுசர் பையில் போட்டுக்கொள்கிறது என்று சாயங்காலம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

அந்த நடைதான் அவளுக்கு எமனாக இருந்தது. சின்ன வயதில் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிச் சக்கரம் அவளுடைய இடது காலில் ஏறிவிட்டது. கட்டைவிரலும் அடுத்த விரலும் போய், பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கடைச் செருப்பின் வாரைப் பிடித்துக்கொள்ள அந்த இரண்டு விரல்கள்தானே வேண்டும்? அதனால் எந்தச் செருப்பும் நிற்காது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வந்ததும் பழைய சேலைக் கரையால் செருப்பைக் காலோடு கட்டிக்கொள்வாள். பள்ளிக்கூடம் தெரியும்போது அவிழ்த்துப் பைக்குள் போட்டுவிட்டு, சுடுகிற மண்ணில் வெறுங்காலோடு நடப்பாள். வீட்டிலும் புடவைக் கரை தரையைப் பெருக்கும். புருஷனாக இருந்தாலும் அந்த இடது பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க விட்டதில்லை.

மாசி மாதம் வெயில் ஏறத் தொடங்கியபோது ஒரு நாள், அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"பிள்ளைங்க பரிச்ச முடியட்டும். நான் வேலைய வுட்டுடறேன்."

"ஏன், இன்னாச்சி?"

"கால் ஒத்துக்கல."

குரல் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வேலையை விட்டால் அந்தச் சிரிப்பும் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். தனகோட்டியிடம் அளவு கொடுத்துத் தைக்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். கண்டவர்கள் முன்னால் காலை நீட்ட மாட்டேன் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அவன் முடிவு செய்தான், தானே தைப்பது என்று. தைப்பது இருக்கட்டும், அளவுக்கு எங்கே போவது? காலைக் காட்டு என்று கேட்கும் தைரியம் அவனுக்கு இல்லை. மீனம்பாள் தோட்டத்தில் கால் கழுவிவிட்டு சிமெண்டுத் தரையில் நடந்து வரும்போது ஈரத்தடம் விழும். அது காய்வதற்குள் குனிந்து, பக்கத்தில் அட்டையை வைத்து, தடத்தைப் பார்த்துப் பார்த்துச் சாக்பீசால் கோடு போடுவான். பாதி போடுவதற்குள் மீதி காய்ந்துவிடும். மறுநாள் மீதியைப் போடுவான். இப்படி மாட்டிக்கொண்ட ஒரு நாள் காலையில், கீழே என்ன தேடுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். சட்டைப் பொத்தான் விழுந்துவிட்டது என்றான். பாவம், அவளும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினாள்.

அந்த அட்டையைக் கௌஸ் பாஷாவிடம் காட்டினான். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"குதிரைய நிக்க வெச்சி, தொட்டுப் பாத்துதான்யா நான் அளவெடுப்பேன். நீ குளம்படித் தடத்தப் பாத்து சேணம் தைக்கிற. தங்கச்சிகிட்ட கேட்டா இன்னா, கடிச்சிடுமா?"

சுந்தரமூர்த்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடிக்கு டயர், அதன் மேல் எருமைத் தோல், பாதத்தைக் குறுக்கே பிடிக்க அகலமான வார், குதிகாலைச் சுற்றி இன்னொரு வார். விரலின் தயவே வேண்டாம். தையலும் ஓரளவு நேராக வந்தது. கடைசியில் தோலை மிருதுவாக்க எண்ணெய் போட வேண்டிய இடத்தில் அவனுக்குப் புத்தி வேலை செய்தது. ஆட்டுக்கொழுப்பை மீனம்பாள் வாசற்படி தாண்ட விடமாட்டாள். விளக்கெண்ணெய் வாங்க வெளியே போக வேண்டும். மண்டிக்குப் பின்னாலேயே செக்கு ஓடுகிறது, ஊரே மல்லாட்டை எண்ணெயில் மிதக்கிறது, செருப்புக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தான். கொழகொழவென்று பூசி, கோணியில் சுற்றி, வெள்ளிக்கிழமை கொடுக்கலாம் என்று பரணில் விதை மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். ஊரில் இருக்கும் எலிகளுக்கு இதைவிட மரியாதையாக யாரும் விருந்து வைத்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டியிலிருந்து வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பரணில் கேட்ட கரகர சத்தத்துக்கு மீனம்பாள் ஏறி, அந்தக் கோணியை இறக்கிப் பிரித்திருந்தாள். கூடத்து நடுவில் இரண்டு செருப்பும் கிடந்தன. வார்கள் நார் நாராகத் தொங்கின. அடிப்பாகம் மட்டும் முழுசாக இருந்தது. வலதுக்கு ஒரு வடிவம், இடதுக்கு வேறு வடிவம். அவள் அந்த இடது செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது என் காலு," என்றாள். "எப்ப பாத்தீங்க?"

"பாக்கல. ஈரத் தடத்த வெச்சிதான்..."

"அப்ப அந்தப் பொத்தான்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சிரிக்கவில்லை. அவளிடமிருந்து எதையோ திருடி மாட்டிக்கொண்டதுபோல அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தெரியாமல் அளவெடுத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டான். அவள் வேலையை விடக்கூடாது என்றுதான் இத்தனையும் என்று சொல்ல வந்தவன் பாதியிலேயே அழுதுவிட்டான். அதை மறைக்கவும் இல்லை.

கோட்டை மலைப் பக்கம் இறங்கிய வெயில் வாசல் வழியாகக் கூடத்துக்குள் நீளமாக விழுந்திருந்தது. அவள் எழுந்து செருப்புகளை எடுத்து அந்த வெளிச்சத்தில் வைத்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது காலை எலி தின்ற செருப்பின் மேல் வைத்து ஊன்றி நின்றாள்.

பாதத்தின் வெளியோரம் செருப்பைத் தாண்டி வழிந்தது.

"இங்க பாருங்க, வெளிய வருது. நடக்கறப்ப எனக்குப் பாரமெல்லாம் இந்தப் பக்கம்தான் வுழுவுது. ஈரத்துல இது எப்பிடித் தெரியும்?"

அவன் பார்த்தான். தழும்பு ஏறிச் சுருங்கிய இடத்தையும், கொப்புளம் உடைந்து காய்ந்த இடத்தையும் பார்த்தான். இவ்வளவு வலியை இந்தப் பொம்பளை ஒரு நாள்கூடக் காட்டிக்கொள்ளவில்லையே என்று நெஞ்சு பொறுக்கவில்லை.

"அட்ட எடுத்துக்குனு வாங்க," என்றாள். "நிக்கிறேன்."

அதற்குப் பிறகு பிஸ்கட் டின் கூடத்துக்குக் குடிவந்தது, புளியங்கட்டையும் கூட. மீனம்பாள் பிளவுஸ் தைக்கிறவள், கையில் கணக்கு உண்டு. இங்கே ஒரு விரற்கடை விடுங்கள், இந்த வார் அழுத்துகிறது என்று போட்டுப் பார்த்து, கழற்றி, திட்டி, வேலை வாங்கினாள். வெளியோரத்தில் பாரம் தாங்க என்ன செய்யலாம் என்று புது அட்டையைத் தனகோட்டியிடம் கொண்டுபோனான். அவர் அட்டையையும் இவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாருடைய கால் என்று கேட்கவில்லை, இந்த முறை சிரிக்கவும் இல்லை. தேயாத லாரி டயர் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, சரிவாகச் சீவி, அந்த ஓரத்துக்கு அடியில் வைத்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்தார். எண்ணெய் விஷயத்தில் அவருடைய விளக்கெண்ணெய்க் கட்சிதான் ஜெயித்தது. ஆட்டுக்கொழுப்பாக இருந்தாலும் எலி தொட்டிருக்காது என்று கௌஸ் பாஷா இன்னமும் சாதிக்கிறான். அதை எலியைத்தான் கேட்க வேண்டும்.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், புதுச் செருப்போடு அவள் பஸ் ஏறினாள். அன்றைக்குச் சுந்தரமூர்த்தி எழுதிய கணக்கெல்லாம் தப்பு. தையல் விட்டிருக்குமோ, வார் அறுந்திருக்குமோ, நடுவழியில் கழற்றிப் பைக்குள் போட்டிருப்பாளோ என்று மனசு வல்லத்துப் பாதையிலேயே நடந்துகொண்டிருந்தது. முதலாளி இரண்டு தரம் திட்டிவிட்டு, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியவன் அப்படியே நின்றான். வழக்கமாகத் தோட்டத்துப் பக்கமாக வந்து, காலைக் கழுவி மூடிக்கொண்டுதான் அவள் உள்ளே வருவாள். அவளுடைய செருப்பைத் தெருவாசலில் யாரும் பார்த்ததில்லை. இன்றைக்குப் படிக்குக் கீழே, வருகிறவர் போகிறவர் செருப்பு விடுகிற இடத்தில், ஒன்று நேராகவும் ஒன்று கோணலாகவும் அந்த ஜோடி கிடந்தது. மேலே ஜல்லிப் பாதையின் செம்மண் படிந்திருந்தது.

உள்ளே அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பரீட்சை முடிந்ததும் வேலையை விடும் பேச்சை அவன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு பயல் இவள் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஓடின கதையைச் சொன்னாள். சொல்லி முடிக்க முடியாமல் சிரித்தாள்.

அவன் எழுந்து வாசலுக்குப் போனான்.

"எங்க போறீங்க?"

"செருப்ப எடுத்து உள்ள வெச்சிடறேன். எலி வந்துடப் போவுது."

"விளக்கெண்ணெதான போட்டீங்க, எலி தொடாது," என்றாள் மீனம்பாள், கீரையிலிருந்து தலை நிமிராமல். "அங்கியே இருக்கட்டும். தெருவுல போறவங்க பாத்துட்டுப் போட்டும்."