நாலு விரல் இடைவெளி

நான் முதலாளிக்குத் தர வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். இரட்டைக் கதவுள்ள ஒரு இரும்பு கேட்டைக் கெடுத்த கணக்கு. தகட்டில் பூங்கொடி வெட்டும்போது இரண்டு கதவுக்கும் ஒரே அச்சு அட்டையை ஒரே பக்கமாக வைத்துவிட்டேன். ஒன்றைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். கீலும் தாழ்ப்பாளும் பற்றவைத்து நிமிர்த்திய பிறகுதான் பார்த்தேன், நடுவில் கைகோக்க வேண்டிய கொடிகள் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன, பஸ்ஸில் தூங்குகிற ஆட்களைப் போல.

அன்று காலை பட்டறைக்குள் வந்ததுமே முதலாளி, "அந்த நோட்டை எடுத்துட்டு வா" என்றார்.

நோட்டு என்றால் என் படநோட்டு. மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன். கண்ணில் பட்டதை வரைவேன், கையில் கிடைத்ததை ஒட்டுவேன். கிழிந்த பஸ் சீட்டின் நூல், வெடித்த சுவர், கம்பிச் சுருள். பக்கத்தில் இரண்டு வார்த்தை: 'இது இரும்பில் வளையும்', 'இது வளையாது'. எழுத்துப் படித்ததே நாற்பது வயதுக்கு மேல், அதனால் நீட்டி எழுத வராது. பெயின்டர் சொட்டை அதற்கு வைத்த பெயர் சொத்துப் பத்திரம்.

"பள்ளிக்கூட கேட்டுக்காகப் பதினோரு மணிக்கு டீச்சர் வர்றாங்க. நாம காட்டின மூணு மாடலும் ஜெயில் மாதிரி இருக்காம். இன்னைக்கும் பிடிக்கலன்னா அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பாங்க. உன் நோட்டுல ஒண்ணு தேறிச்சுன்னா உன் கடன் போச்சு. தேறலன்னா இந்த வாரத்துல இருந்து பாதிக் கூலி."

"அண்ணே, அதுல கேட் எதுவும் இல்லையே. சும்மா பாத்ததை..."

"மூணு வருஷமா சாப்பாட்டு நேரத்துல கிறுக்குறியே, சும்மாவா கிறுக்குன?"

சொட்டை என் காதருகே, "பத்திரம் அடமானத்துக்குப் போகுது மச்சான்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதிக் கூலியில் வாடகை கொடுத்தால் அடுப்பு எரியாது.

டீச்சர் சிறு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். வந்தவர் உட்காரவில்லை. "பிள்ளைங்க தலை நுழையக் கூடாது. கம்பிக்குக் கம்பி நாலு விரல். ஆனா பாத்தா அடைச்சு வச்ச மாதிரியும் இருக்கக் கூடாது. இவ்வளவுதானே கேக்குறேன்?"

முதலாளி கொடி வரைந்த பக்கத்தை விரித்துக் காட்டினார். நோட்டிலேயே அழகாக வந்த பக்கம் அது.

"கொடி தெருவுக்குத் தெரு இருக்கு" என்று டீச்சர் நோட்டை வாங்கித் தானே புரட்டினார். ஏழெட்டுத் தாள்தான் பாக்கி. ஒன்றில் நின்றார். வெறும் கோடுகள்.

"இது என்ன?"

"பஸ் கண்ணாடியில மழைத்தண்ணி வழிஞ்சதும்மா. நேரா இறங்கல. கொஞ்சம் நிக்குது, பக்கத்துத் துளியோட சேருது, அப்புறம் இறங்குது."

"இது கேட்டாகுமா?"

ஆகும் என்று சொல்லச் சொல்லி முதலாளி கண்ணைக் காட்டினார்.

"தெரியலம்மா. தரையில போட்டாத்தான் தெரியும்."

எங்கள் வேலையில் எதையும் முதலில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்குப் போட்டுப் பார்ப்போம். முட்டி போட்டு வரைந்தேன். கோடுகள் மேலிருந்து இறங்கி, அங்கங்கே இரண்டு ஒன்றாகி, மறுபடி இறங்கின. டீச்சர் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

"இது ஜெயில் இல்ல."

பிறகு குனிந்து விரலை வைத்தார். இரண்டு கோடு ஒன்றான இடத்துக்குக் கீழே ஒரு கம்பி குறைகிறதே. அங்கே இடைவெளி ஏழு விரல்.

"தலை போயிடும்."

"அங்க ஒரு கம்பி சேத்துரலாம்" என்றார் முதலாளி அவசரமாக.

"அப்ப மறுபடியும் ஜெயில்தான்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நோட்டை எடுத்து அதே பக்கத்தைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் வழிந்த தண்ணீரை மட்டுமே பார்த்திருக்கிறேன். கோடுகளுக்கு நடுவே, சிறிதும் பெரிதுமாக, வழியாத துளிகளையும் வரைந்திருந்தேன். பக்கத்தில் என் கோணல் எழுத்து: 'இது இறங்கவே இல்லை.'

"ஒரு நிமிஷம்மா!"

ஓடிப்போய்க் கழிவுக் குவியலில் கையை விட்டேன். குழாய் வெட்டிய மிச்சம், வளையம் வளையமாகக் கிடந்தது. அகன்ற இடங்களில் துளிபோல ஒவ்வொன்றாக வைத்தேன். மூன்றாவது இடத்துக்கு வளையத்தின் அளவு போதவில்லை. திரும்ப ஓடினேன். சொட்டையும் வாயை மூடிக்கொண்டு பொறுக்கித் தந்தான்.

டீச்சர் மறுபடி விரல் வைத்தார். எட்டு இடம். ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே.

"வளையத்துல பிள்ளைங்க கை விடுவாங்களே?"

"ஓரத்தை மழமழன்னு தேய்ச்சுடுறேம்மா."

"எப்ப தருவீங்க?"

அவர் போனதும் முதலாளி கணக்குப் புத்தகத்தை எடுத்தார். "இப்போதைக்குப் பாதியைக் கழிச்சுடுறேன்."

"அண்ணே, தேறினா கடன் போச்சுன்னீங்க. சொட்டையும் இருந்தான்."

"இருந்தேன் முதலாளி. முடிதான் இல்ல, காது ரெண்டும் இருக்கு."

முதலாளி பேனாவை உருட்டினார். "சரி, முழுசும் கழிச்சுடுறேன். நோட்டு இனிமே இங்க என் மேஜையிலயே இருக்கட்டும்."

"நோட்டுக்குப் பேச்சு இல்லண்ணே. ஒரு கேட்டுக்குத்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பெயருக்கு நேரே இருந்த தொகையின் குறுக்கே, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.

தேதியும் போடச் சொன்னேன். போட்டார்.