சாயாங் என்றால் வீண்

1

இந்தக் கதையைப் பக்கத்து வீட்டிலிருந்து திருடினேன். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள். நான் இந்தோனேசியாவில், மேடானில் ஆறாம் வகுப்போடு நின்றவன். மாலாங்குக்கு வந்து முப்பது வருஷம் முட்டைக்கோஸ் லாரி ஓட்டியவன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பொய் சொல்கிறவனை மட்டும் பார்த்த உடனே தெரியும். எழுத உட்கார்ந்தால் அந்த ஆள் நானாகவே இருக்கிறேன், அதுதான் தொல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் சர்பின் தன் மனைவியின் லாப்டாப்பை எடுத்துக்கொண்டு" — மழையே இல்லை. மண்டை பிளக்கிற வெயில்.

பிறகு: "பழைய லாப்டாப்பும் பழைய மனைவியும்" — சீ. [இதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். எனக்கு எவ்வளவு மட்டமாக எழுத வரும் என்று நீங்களும் பாருங்கள்.]

2

நடந்தது இவ்வளவுதான். சர்பினின் மனைவி லாஸ்மினிக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்லூரியில் பாதியில் நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். போன வருஷம் வீட்டிலிருந்தே படிக்கிற பட்டப்படிப்பில் சேர்ந்தார். பரீட்சையும் வீட்டிலேயே. ஆனால் எழுதி முடிக்கும்வரை கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படம் உறைந்தால் பரீட்சை செல்லாது.

லாப்டாப்புக்கு ஏழு வயது. தட்டச்சுக்குக் குறையில்லை, படம் பார்க்கக் குறையில்லை. கேமராவும் பரீட்சைப் பக்கமும் ஒன்றாகத் திறந்தால் மட்டும் திணறும். மெமரியைக் கூட்டி டிஸ்க்கையும் மாற்றினால் பதினான்கு லட்சம் ரூப்பியா. சர்பின் தன் பாட்டுக்குருவிக்கு வாங்கிய கூண்டு அதைவிட அதிகம்.

[நல்லா ஓடுகிற சாமானுக்குக் காசு போடலாமா? நியாயமாகப் பார்த்தால், எந்த வேலையில் அது திணறுகிறது, அந்த வேலை நமக்கு எவ்வளவு வேண்டும் என்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ரிப்பேர் கடையில் நாங்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டோம்.]

3

"நாங்கள்" என்று கை தவறி எழுதிவிட்டேன். முதல் பிரதியில் கடைக்குப் போனது அவர்கள் இரண்டு பேர்தான். உண்மையில் நானும் போனேன். கடைக்காரன் ஏமாற்றினால் பிடிப்பதற்கு என்று சர்பின் என்னைக் கூட்டிப் போனார்.

பாயு என்கிற அந்தக் கடைக்காரன் லாப்டாப்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தான். இங்கே மரியாதைக்கு ஆணைப் 'பாக்' என்பார்கள், பெண்ணை 'இபு' என்பார்கள்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல, பாக். கல்லு மாதிரி இருக்கு. இபு சொல்ற வேலைக்குத்தான் மூச்சு வாங்குது."

"ஒண்ணுமில்லன்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்குக் காசு?" என்றார் சர்பின்.

"இபுவுக்குப் பரீட்சைன்னாங்களே?"

"பரீட்சை அவளுக்குடா. மெஷினுக்கா?"

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "உள்ள இருக்கற நல்ல சாமானக் கழட்டிக்கிட்டு ஓட்டைய மாட்டி அனுப்புவான். என் லாரியில எத்தனை தடவ பாத்திருக்கேன்" என்றேன்.

"தாத்தா, கண்ணெதிர்லதான மாட்டப்போறேன்!"

"கண்ணெதிர்ல செய்யறவன்தான் கெட்டிக்காரத் திருடன்."

லாஸ்மினி சர்பினின் சட்டைக் கையை லேசாகத் தொட்டுக் கேட்டார்: "சாயாங்கா, பாக்?"

சர்பின் உடனே சொன்னார்: "சாயாங்."

பாயு மேசையைத் தட்டிச் சிரித்தான். "அடேங்கப்பா! இந்த வயசுல, என் கடைக்குள்ளயே காதலா!"

சர்பின் சிரித்தார். நானும் சிரித்தேன். லாஸ்மினி லாப்டாப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

4

இந்த இடத்தில் என் தமிழ் கைவிடுகிறது. 'சாயாங்' என்றால் இங்கே அன்பு. அதே சாயாங்தான் 'ஐயோ, வீணாகிறதே' என்பதும். நல்ல சோற்றைக் கொட்டினால் சாயாங். பெண்டாட்டியைக் கொஞ்சினாலும் சாயாங். லாஸ்மினி என்ன கேட்டார்? 'இந்தச் செலவு வீணா?' என்றா? 'என் மேல் பிரியமா?' என்றா? இரண்டையும் சேர்த்தே கேட்டார் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சர்பின் சொன்னது காசைப் பற்றி மட்டும். வாயிலிருந்து வந்தது சரியான சொல்தான். அர்த்தத்தில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார்.

[லாஸ்மினி அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டாமா என்று ஒரு சந்தேகம். போடுகிற மாதிரி ஒரு பக்கம் எழுதினேன். "உங்க குருவி பரீட்சையா எழுதுது?" என்று அதில் கேட்கிறார். நல்ல வரி. அவர் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன்.]

5

லாஸ்மினி பரீட்சைக்கு உட்காரவில்லை. அன்று காலையில் பலாக்காய்க் குழம்பு வைத்தார், துணி காயப்போட்டார். லாப்டாப் அன்றைக்கு உறைந்திருக்குமா, இல்லையா? யாருக்கும் தெரியாது. அதனால் சர்பின் தப்பு செய்ததாக நிரூபிக்க முடியாது. நான் செய்ததாகவும்தான்.

இப்போது அந்த லாப்டாப்பில் சர்பின் சீட்டு விளையாடுகிறார். "பாத்தீங்களா, ராக்கெட் மாதிரி ஓடுது! பதினாலு லட்சம் மிச்சம்" என்று என்னிடம் காட்டினார். லாஸ்மினி காப்பி கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை எங்கள் இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது. ஒரு வாய்க்கு மேல் என்னால் குடிக்க முடியவில்லை.

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

முதலாவதில் சர்பின் கூண்டை விற்று மெமரி வாங்கி வருகிறார். படித்தால் உங்களுக்கு மனசு குளிரும். சர்பினை நீங்கள் பார்த்ததில்லை.

இரண்டாவதில் நான் என் காசில் வாங்கிக் கொடுக்கிறேன். அது இன்னும் பெரிய பொய். லாஸ்மினிக்கு அது புருஷன் கையிலிருந்து வர வேண்டிய பொருள். நானும் கடையில் சிரித்தவன்.

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது, நேற்று, லாஸ்மினி வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுக்க வந்தார்.

"என்ன பாக், புரியாத எழுத்துல எழுதித் தள்றீங்க? எங்களப் பத்தியா?"

பொய் சொல்ல நினைத்தேன். "ஆமா" என்று வந்துவிட்டது.

ஒரு சட்டையை மடித்தார். இன்னொன்றையும் மடித்தார். பரீட்சைக்கு மறுபடி பதிந்துகொள்ளச் சனிக்கிழமைவரை நேரமிருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அதுல நான் பரீட்சை எழுதறனா?" என்று கேட்டார்.

பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். என்னை நம்பாதீர்கள். நீங்களே அவருக்குப் பதில் சொல்லுங்கள்.