இரண்டாம் குழு

நர்ஸ் நிர்மலாதேவி வாசித்த பத்துச் சொற்களில் எட்டை கனீஸ் பாத்திமா திருப்பிச் சொன்னாள். ஆறு மாதத்துக்கு முன்பு நான்குதான் வந்தது. நர்ஸ் பழைய தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"புதுசா நடக்கிறது, எக்சர்சைஸ்னு எதுவும் ஆரம்பிக்கலையேம்மா?"

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் கணவர் ஜெய்னுலாபுதீன் இருந்தார்.

சர்க்கரைக்காரர்களுக்கு நடை மறதியைத் தள்ளிப்போடுமா என்று பார்க்கிற ஆய்வு அது. குலுக்கலில் அவளுக்கு இரண்டாம் குழு விழுந்தது. மாத்திரை, சாப்பாடு எல்லாம் எப்போதும்போல; நடை முதல் குழுவுக்கு மட்டும். அவளுடைய அம்மாவும் சர்க்கரைக்காரிதான். கடைசி இரண்டு வருடம் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவளும் அடுப்பை அணைக்க இரண்டு முறை மறந்திருந்தாள். குலுக்கலன்று வீடு திரும்பும் ஆட்டோவில் டாக்டர் என்ன சொன்னார் என்று கணவர் கேட்டபோது, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னதாகச் சொல்லிவிட்டாள். டாக்டர் பேச்சை அவர் தட்டமாட்டார்.

கல்யாணமான முப்பத்துநான்கு வருடத்தில் துணையில்லாமல் அவள் வெளியே போனது அப்போதுதான். முதல் நாள் முல்லா வீதி முனையிலேயே திரும்பிவிட்டாள். இரண்டே மாதத்தில் கடலோரக் குருசுக்குப்பம் வரை போய்த் திரும்பினாள். வலை பிரிக்கிற பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இப்போது இல்லையென்றால், டாக்டர் நடக்கச் சொல்லவே இல்லை என்பது வெளியே இருக்கும் கணவருக்குத் தெரிந்துவிடும். ஆமென்றால் இங்கே எழுதியதெல்லாம் பொய்யாகும், அப்போதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"நடந்தேம்மா," என்றாள். "தெனமும்."

நிர்மலாதேவி பேனாவை மூடினாள். இரண்டாம் குழுவில் நடந்தவரின் கணக்கைச் சேர்க்க முடியாது, பெயரை எடுத்துவிடுவார்கள் என்று சொன்னாள். வெளியே பெஞ்ச் கிறீச்சிட்டது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கணவர் கேட்டார்.

"எங்கிட்ட கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டேனா?"

"கேட்டேங்க. மூணு தடவ கேட்டேன்."

அவர் நினைவுபடுத்திப் பார்க்கிறவர்போல் நின்றார். பிறகு, வழி தெரியாமல் எங்கேயாவது போய்விட்டால் யார் தேடுவது, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் அவர் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்து வந்ததும் கதவைச் சாத்தி, அதை ஒட்டி நாற்காலியைப் போட்டுப் பேப்பரை விரித்தார். கனீஸ் பாத்திமா புர்காவோடு கூடத்துக்கு வந்தாள். அவர் தலை நிமிரவில்லை. அவளும் உள்ளே திரும்பவில்லை. நாற்காலிக்கு முன்னால், நின்ற இடத்திலேயே, அவள் கால்கள் ஒன்று மாற்றி ஒன்று எழுந்து தரையில் பதிந்துகொண்டிருந்தன.