மாடி ஜன்னலில் நிற்பவள்

அந்தக் கடலோர ஊரில் மொத்தமே நாலு தெரு. விறுவிறுவென்று நடந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் சுற்றிவிடலாம். அதனால்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் ஊர்காட்டி தன் தொழிலுக்கு ‘மெதுவாக ஊர் பார்ப்போம்’ என்று பெயர் வைத்து, உப்புக்காற்று அரித்த ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பழங்கதை சொல்லி வந்தார். பாதி காதில் விழுந்தது, மீதி அவரே அவிழ்த்துவிட்டது.

அப்படி அவிழ்த்துவிட்டதில் ஒன்று கடைசித் தெரு மாடி ஜன்னல். கடலுக்குப் போன மாலுமிக்காக அங்கே ஒருத்தி இன்னும் காத்து நிற்கிறாள் என்பார். மாலுமியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது அவருடைய சொந்த வீடு. அந்த ஜன்னலில் நின்றவள் அவர் மனைவி. சில வருஷங்களுக்கு முன்னால், அவர் யாருக்கோ கலங்கரை விளக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நெஞ்சு வலித்து ஜன்னலடியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து முன்கதவு உள்தாழ்ப்பாளோடு கிடக்கிறது. அவர் சந்து வழியாக அடுக்களைக்குள் நுழைந்து அங்கேயே சுருண்டுகொள்வார். மாடிப் பக்கம் போவதே இல்லை.

கதை கேட்டுவிட்டுப் பிறகு தனியாக வந்து பார்த்தவர்களில் சிலர், “ஆமா, ஒரு பொம்பள நின்னாங்க” என்பார்கள். திரைச்சீலை ஆடியிருக்கும் என்று அவர் மழுப்புவார். உள்ளுக்குள் வயிறு எரியும். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிகிறவள், கட்டினவனுக்கு ஒரே ஒரு தடவை முகம் காட்டக் கூடாதா? அந்த ஆசையில்தான் தினமும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றார்.

இந்த முறை ஒரு மாதம் தங்க வந்தவர், ஓய்வுபெற்ற டீச்சரம்மா. ஜன்னலுக்கு எதிர்மாடியில் அறை எடுத்து, பின்னல் ஊசியும் கையுமாகப் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம் ஊர்காட்டியை வழிமறித்தார்.

“உங்க மாலுமி பொண்டாட்டிய நல்லாப் பாத்துட்டேன் தம்பி. கொண்டை போடுறப்ப வலது சுண்டுவிரல் மட்டும் மடங்க மாட்டேங்குது. அடிபட்டிருக்குமோ?”

ஊர்காட்டி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். கல்யாணமான புதிதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல் அது. எந்தக் கதையிலும் அவர் அதைச் சேர்த்ததில்லை.

“எனக்கு மட்டும் தெரிய மாட்டேங்குறாம்மா” என்றார் ஊர்காட்டி. “தினம் அண்ணாந்து பாக்குறேன். எம்மேல கோவமா இருக்காளா?”

“கோவமா? நீங்க தெருமுனையில திரும்புனதும் அந்த முகத்தப் பாக்கணுமே! ஆனா உடனே ஜன்னல விட்டுட்டு ஓடிடுறா.”

“எங்க ஓடுறா?”

“கீழதான். படிக்கட்டுச் சுவர்ல ஓட்டை ஓட்டையா இருக்கே, அதுவழியாத் தெரியுது. நீங்க போறவரைக்கும் மேல வர்றதே இல்ல.”

ஊர்காட்டி முன்கதவைத் திரும்பிப் பார்த்தார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் கதவு திறக்க இறங்கிவிடுவாள். ‘நான் தட்டினப்புறம், யாருன்னு கேட்டுட்டுத்தான் தொறக்கணும்’ என்று சொல்லிவைத்ததும் அவர்தான். இத்தனை நாளும் அவர் தெருவில் நின்று மேலே பார்த்தபோதெல்லாம், அவள் கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவரோ சந்துக்குள் போய்விட்டார்.

தெருவைக் கடந்து போய் முன்கதவைத் தட்டினார். கதவுக்குப் பின்னாலேயே யாரோ தாழ்ப்பாளைத் தொடுவது கேட்டது.

“யாரு?”

ஊருக்கெல்லாம் கதை அளந்த வாயிலிருந்து, “நான்தான்” என்ற ஒரு சொல் வருவதற்குள் அழுகை வந்து அடைத்துக்கொண்டது.