நாற்பத்தைந்தில் பாதி

அப்பா மறுநாள் கொடுக்கவேண்டிய எட்டுப் பக்கக் கண்ணாடிச் சட்டத்துக்கு மரத்தை நான்தான் அறுத்தேன். முந்நூற்று அறுபது டிகிரியை எட்டால் வகுத்து, வந்த நாற்பத்தைந்தையே முனைச் சாய்வாக ரம்பத்தில் வைத்தேன். சேர்த்துப் பார்த்தால், நாலு துண்டிலேயே சட்டம் சதுரமாக மூடிக்கொண்டது. பட்டறையில் வேறு தேக்கு இல்லை.

அப்பா தூங்கியதும் அக்காவை எழுப்பிச் சொன்னேன்.

“ஒரு மூலையில ரெண்டு கட்டை சேருதுல்ல? ஆளுக்குப் பாதிடி, மண்டு” என்றாள்.

“அப்பா தோலை உரிச்சிடுவாருக்கா.”

“நீளத்தை எங்க அளந்த? வெளி விளிம்புலயா, கண்ணாடி பக்கமா?”

“கண்ணாடி பக்கம்.”

“அப்ப பிழைச்ச. இருபத்திரண்டரை வச்சுத் திரும்ப அறு. வெளி முனைதான் குறையும், உள்ளளவு அப்படியே நிக்கும்.”

“இப்பவே போகட்டுமா?”

“ரம்பத்தப் போட்டு அவரை எழுப்பவா? படு. விடிஞ்சதும் நானும் வரேன்.”