ஏணிக்கூலி

"அப்பா, நம்ம கடையில பெரிய பாக்கெட் சோப்புத்தூள் வாங்குறவங்க என்னப்பா பாவம் பண்ணாங்க?"

மளிகைக்கடைக்காரர் திடுக்கிட்டார். யாரையும் ஏமாற்றியதில்லை என்று தினமும் கும்பிட்டுவிட்டுக் கடை திறப்பவர் அவர். ஐந்தாம் வகுப்பு மகள் வீட்டுப்பாட நோட்டை நீட்டினாள்.

"சின்னது இருநூறு கிராம், இருபது. அப்ப நூறு கிராம் பத்து. பெருசு ஒரு கிலோ, நூத்திப்பத்து. நூறு கிராம் பதினொண்ணு!"

"போடி! பெருசுன்னாலே சிக்கனம்தான். போர்டுலயே இருக்கு பாரு."

"எழுதினதே நீங்கதானேப்பா!"

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "மேல்தட்டுல ஏத்தின கூலின்னு பத்து கூட்டின மகராசன் யாராம்? தூளோட ஏணியையும் சேர்த்து விக்கிற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்!"

அவர் விடவில்லை. தராசின் ஒரு தட்டில் பெரிய பாக்கெட்டையும் மறு தட்டில் ஐந்து சின்னப் பாக்கெட்டுகளையும் வைத்தார். ஈவிரக்கமில்லாமல் இரண்டு தட்டும் சமமாக நின்றன. அவர் முகம் தொங்கிப்போனது.

ஒரு வருடமாக மாதம் தவறாமல் பெரிய பாக்கெட் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். இந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்த அதே கணக்கு டீச்சர்.

நினைத்து முடிப்பதற்குள் டீச்சரே வந்து நின்றார். "அண்ணே, வழக்கமான சிக்கனப் பாக்கெட் ஒண்ணு."

"பெருசு இனிமே விக்கிறதில்லை டீச்சர்."

"தராசுல இருக்கே?"

"அது... எடை பாக்க வச்சது. சின்னதுல அஞ்சு எடுத்துக்குங்க, நூறுதான்."

"சின்னதா? அதெல்லாம் கட்டுப்படியாகாது அண்ணே!"

மகள் வாயைத் திறந்தாள். அப்பா சட்டென்று அதில் ஒரு மிட்டாயைப் போட்டார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கவேண்டிய மனுஷி. அவர் தலை குனியக் கூடாது. டீச்சர் அரை மனதோடு ஐந்து பாக்கெட் வாங்கிப் போனார். போர்டைக் கழற்றி அடுப்புக்குக் கொடுத்தார் கடைக்காரர்.

பன்னிரண்டு மாதம், மாதத்துக்குப் பத்து. நூற்றிருபது. ஆறு சின்னப் பாக்கெட்.

மறுநாள் விடியும் முன், தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்காத நேரம். டீச்சர் வீட்டு வாசல் கதவில் ஒரு பையை மாட்டினார். உள்ளே ஆறு பாக்கெட்டுகள். சீட்டு எதுவும் இல்லை. கதவு கிறீச்சிடாமல் கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்.

அவ்வளவு தூரம் சுமந்து வந்த கூலியை இந்த முறை கழிக்கவில்லை.